வலியை எண்ணிய கதை

சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் சங்கத்துச் செயலாளர் போன் செய்தார். "அண்ணே, எனக்குத் தெரிஞ்சது பம்ப் டெஸ்டிங் மட்டும்தான்" என்றேன். "அப்ப அதையே எழுதேன்பா. ஆனா ஆர்ட்ஸ் காலேஜ்ல படிச்ச என் வீட்டுக்காரிக்கும் புரியணும்" என்றார். சரி, பம்ப் பற்றியே எழுதுகிறேன். ஆனால் இது நம் நெஞ்சுக்குள் ஓடுகிற பம்ப். அதிலிருந்து கிளம்பும் குழாய்கள், அந்தக் குழாய்களில் விழும் ஓர் அடைப்பு, அந்த அடைப்பைத் தடுக்க வந்த ஒரு மருந்தைச் சோதித்துப் பார்த்த வரலாறு. இந்த விஷயம் எனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நம் பேட்ச் ஹாஸ்டல்வாசிகளுக்கு அந்த டிசம்பர் மறந்திருக்காது. இரண்டாம் வருஷம், செமஸ்டர் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி. கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்து நம்மோடு படித்த நண்பன் ஒருவன், "என் காலை வெட்டிப் போடுங்கடா" என்று கட்டிலில் புரண்டு கத்தினான். பொறுப்பில் இருந்தவர் வந்து பார்த்தார். வீக்கம் இல்லை, காயம் இல்லை. "பரீட்சைன்னா இவனுக்கு இப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அழைத்துக்கொண்டு போன இடத்தில் ஓர் ஊசியும் விட்டமின் மாத்திரையும் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாளிலிருந்து அவனுக்கு 'நடிகர் திலகம்' என்று பட்டப்பெயர். வைத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

நாலாம் நாள் ஊரிலிருந்து அவன் மாமா வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். 'சிக்கிள் செல் நோய்' என்று எழுதியிருந்தது. அரிவாள் அணுச் சோகை என்று தமிழில் சொல்கிறார்கள். வெளியே தெரிந்தால் யாரும் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள் என்று பயந்து அவன் யாரிடமும் சொல்லவில்லை. இதையெல்லாம் அவன் அனுமதி கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "பேர் மட்டும் போடாதடா" என்றான்.

குழாயும் அடைப்பும்

ரத்தத்தின் சிவப்பணு ஒரு சின்னத் தட்டு மாதிரி. குறுக்களவு ஏழெட்டு மைக்ரான். அது நுழைந்து போக வேண்டிய நுண்குழாய்களில் சில அதைவிடக் குறுகலானவை. அணு வளைந்து நெளிந்து நுழைந்துவிடும். அந்த நெகிழ்ச்சிதான் நம்மை ஓட வைக்கிறது.

அணுவுக்குள் நிறைந்திருப்பது ஹீமோகுளோபின். இதன் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோர்க்கப்பட்டிருக்கின்றன. அதில் ஆறாவது இடத்தில் குளுடாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்கார்ந்துவிட்டால், அதுதான் இந்த நோய். ஒரே ஒரு போல்ட் மாறிப் போனதுதான். ஆக்சிஜனை இறக்கிவிட்ட பிறகு இந்த ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கயிறு மாதிரி நீள்கின்றன. அணு விறைத்துப் போய் அரிவாள் வடிவம் எடுக்கிறது. குறுகலான குழாயில் மாட்டிக்கொள்கிறது. பின்னால் வருவதெல்லாம் அதில் மோதி நிற்கிறது. அதற்கு அப்பால் இருக்கும் எலும்புக்கும் தசைக்கும் ரத்தம் போகாது. அப்போது வருவதுதான் அந்த வலி. இதை கிரைஸிஸ், அதாவது வலி நெருக்கடி என்கிறார்கள். குளிர், உடம்பில் நீர் வற்றுவது, காய்ச்சல், அளவுக்கு மீறிய அலைச்சல் எல்லாம் இதைக் கிளப்பிவிடும். டிசம்பர் மாதம், ராத்திரி முழுக்கக் கண்விழிப்பு, தண்ணீர்கூடக் குடிக்காமல் படிப்பு. நம் நண்பனுக்கு வந்ததற்குக் காரணம் பரீட்சைதான். ஆனால் நாம் நினைத்த விதத்தில் இல்லை.

தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் இந்தப் பிசகு வந்தால்தான் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொந்தரவு இல்லை. அது மட்டுமல்ல, கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் உண்டு என்று 1954-ல் ஆண்டனி ஆலிசன் காட்டினார். மலேரியா வாட்டிய நாடுகளில் இந்தப் பிசகு நிலைத்து நிற்கக் காரணம் அதுதான்.

சிகாகோவில் ஒரு மாணவன்

இந்த நோயின் எழுதப்பட்ட வரலாறும் ஒரு கல்லூரி மாணவனிடமிருந்துதான் தொடங்குகிறது. கரீபியன் கடலில் கிரெனடா என்ற தீவிலிருந்து பல் மருத்துவம் படிக்க 1904-ல் சிகாகோ வந்தவர் வால்டர் கிளெமென்ட் நோயல். அதே வருஷ டிசம்பரில் உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே பயிற்சி டாக்டராக இருந்த எர்னஸ்ட் அயன்ஸ் அவருடைய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அரிவாள் வடிவ அணுக்களை வரைந்து வைத்தார். அவருடைய மேலதிகாரி ஜேம்ஸ் ஹெரிக் 1910-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். நோயல் படிப்பை முடித்து ஊருக்குத் திரும்பிப் பல் டாக்டராகத் தொழில் செய்தார். 1916-ல் நிமோனியாவில் இறந்தபோது அவருக்கு வயது 32. குளிர்காலம், வெளியூர், கல்லூரி. நம் நண்பனுடைய கதையைத்தான் நூறு வருஷத்துக்கு முன்னால் அவர் வாழ்ந்திருக்கிறார்.

1949-ல் லைனஸ் பாலிங், ஹார்வி இட்டானோ முதலானோர் இந்த ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்கிறது என்று காட்டி, இதை 'மூலக்கூறு நோய்' என்றார்கள். ஒரு நோய்க்கு அப்படிப் பெயர் வைத்தது அதுதான் முதல் தடவை. ஆறாவது இடத்து அமினோ அமிலம்தான் மாறியிருக்கிறது என்று அடுத்த சில வருஷங்களில் வெர்னன் இங்க்ராம் கண்டுபிடித்துவிட்டார்.

இந்தியாவில் இந்த நோய்க்கூறு இருப்பதை உலகுக்குச் சொன்னது நம் நீலகிரி. 1952-ல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைச் சோதித்து அந்தச் செய்தியை வெளியிட்டார்கள். 1952-லேயே எழுதி வைத்த விஷயம். ஆனால் அறுபது வருஷம் கழித்தும், அந்த மலைக்குக் கீழே இருக்கும் ஒரு கல்லூரி ஹாஸ்டலில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அவசரப்பட்ட மருந்துகள்

காரணம் தெரிந்துவிட்டது. மருந்து எங்கே? இங்கேதான் கதை சிக்கலாகிறது.

1970-களின் தொடக்கத்தில் யூரியா என்றார்கள். ஆம், வயலுக்குப் போடுகிறோமே, அதே பொருள்தான். ஹீமோகுளோபின்கள் ஒட்டிக்கொள்வதை யூரியா பிரித்துவிடும் என்று சோதனைக்குழாயில் தெரிந்தது. சர்க்கரைக் கரைசலில் கலந்து நரம்பில் ஏற்றினார்கள். வலி குறைந்தது என்று செய்தி பரவியது. பிறகு முறையாக ஒப்பிட்டுச் சோதித்தபோது, 1974-ல் வந்த முடிவு: யூரியாவால் எந்தப் பலனும் இல்லை.

அடுத்து சயனேட். இதுவும் சோதனைக்குழாயில் அருமையாக வேலை செய்தது. ஆனால் எடுத்துக்கொண்டவர்களில் சிலருக்குக் கை கால் நரம்புகள் பழுதாயின, கண்ணில் புரை விழுந்தது. கிரைஸிஸ் குறையவும் இல்லை. அதையும் கைவிட்டார்கள்.

எங்கள் தொழிலில் இது தினசரி அனுபவம். கோடையில் வோல்டேஜ் இறங்கும், பம்ப் தண்ணீர் தூக்காது, விவசாயி புகார் கொடுப்பார். மெக்கானிக் போய் ஏதோ ஒரு பாகத்தை மாற்றிவிட்டு வருவார். அதற்குள் மழை பிடித்துவிடும், வோல்டேஜ் சரியாகிவிடும், பம்ப் பிரமாதமாக ஓடும். "மெக்கானிக் கைராசிக்காரர்" என்பார்கள். மாற்றிய பாகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. நோயும் அப்படித்தான். ரொம்ப மோசமாக இருக்கும்போதுதான் ஜனங்கள் டாக்டரைத் தேடுகிறார்கள். மோசமான மாதத்துக்குப் பிறகு வருவது பெரும்பாலும் அதைவிட நல்ல மாதமாகத்தான் இருக்கும். நடுவில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பேர் வந்துவிடும். இந்த ஏமாற்றத்திலிருந்து தப்பிக்க ஒரே வழி, அதே கோடையில், அதே வோல்டேஜில், பாகம் மாற்றாத இன்னொரு பம்ப்பையும் பக்கத்தில் ஓட விட்டுப் பார்ப்பதுதான்.

குழந்தைகள் கொடுத்த துப்பு

நல்ல துப்பு 1948-லேயே கிடைத்திருந்தது. புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். இந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளின் ரத்தத்தில் முதல் சில மாதங்கள் அரிவாள் அணுக்கள் மிகக் குறைவு. காரணம், வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் ஓடுகிறது. அதில் பீட்டா சங்கிலியே கிடையாது, அதனால் அந்தப் பிசகும் கிடையாது. பிறந்த பிறகு அந்தப் பழைய வகை மெல்ல நின்றுபோய்ப் புதிய வகை வருகிறது. நோயும் கூடவே வருகிறது.

அப்படியானால் நின்றுபோன பழைய லைனைத் திரும்ப ஓட்ட முடியுமா? கொஞ்சம் ஓடினால் போதும் என்று இயற்பியல் சொன்னது. 1974-ல் ஹோஃப்ரிக்டர், ராஸ், ஈட்டன் என்ற மூவர் அளந்து பார்த்தார்கள். ஆக்சிஜன் போன உடனே கயிறு திரிவதில்லை, கொஞ்ச நேரம் தாமதமாகிறது. அந்தத் தாமதம் ஹீமோகுளோபினின் செறிவைப் பொறுத்து சுமார் முப்பதாவது அடுக்கில் மாறுகிறது. முப்பதாவது அடுக்கு! நம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் நாலாம் அடுக்கு வந்ததற்கே வாயைப் பிளந்தோம். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். செறிவு 10 சதவீதம் குறைந்தால் தாமதம் இருபது மடங்குக்கும் மேல் நீள்கிறது. அணு நுண்குழாயைத் தாண்டுவதற்கு ஒன்றிரண்டு விநாடி போதும். அதற்குள் கயிறு திரியாவிட்டால் அடைப்பு இல்லை. ஆகவே நல்ல சரக்கைக் கொஞ்சம் கலந்தாலே பெரிய லாபம்.

1982-ல் அஸாசைட்டிடின் என்ற புற்றுநோய் மருந்து, பபூன் குரங்குகளிடமும் பிறகு நோயாளிகளிடமும் கருக்குழந்தை ஹீமோகுளோபினைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆனால் அந்த மருந்தே புற்றுநோயைத் தூண்டலாம் என்ற பயம் இருந்தது. அதற்குப் பதிலாக இன்னொரு பழைய மருந்தை எடுத்தார்கள். பெயர் ஹைட்ராக்சியூரியா. ஜெர்மனியில் 1869-லேயே தயாரிக்கப்பட்ட பொருள். ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டுக் கொண்டிருந்தது. 1984-ல் ஆர்ரா பிளாட் குழுவினர் இதைச் சிக்கிள் செல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, கருக்குழந்தை ஹீமோகுளோபின் ஏறியது. அடுத்தடுத்த சின்னச் சோதனைகளிலும் ஏறியது. நோயாளிகள் தேவலை என்றார்கள்.

பலர் இங்கேயே நிறுத்தியிருப்பார்கள். ஹீமோகுளோபின் ஏறியாயிற்று, நோயாளியும் தேவலை என்கிறார், வேறென்ன வேண்டும்? ஆனால் யூரியா கற்றுக்கொடுத்த பாடம் மறக்கவில்லை. மீட்டர் முள் ஏறுவது வேறு, வயலில் தண்ணீர் பாய்வது வேறு.

சோதனை

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து சாமுவேல் சராஷ் தலைமையில், அமெரிக்காவிலும் கனடாவிலும் 21 மையங்களில், 1992 ஜனவரியில் சோதனை தொடங்கியது. முந்தைய ஒரு வருஷத்தில் குறைந்தது மூன்று கிரைஸிஸ் வந்த பெரியவர்கள் 299 பேர் சேர்ந்தார்கள். சீட்டுக் குலுக்குகிற மாதிரி 152 பேருக்கு மருந்து, 147 பேருக்கு உள்ளே சரக்கில்லாத வெறும் கேப்ஸ்யூல். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

இதில் ஒரு சிக்கல். ஹைட்ராக்சியூரியா எலும்பு மஜ்ஜையைக் கொஞ்சம் அடக்குகிற மருந்து, வெள்ளணுக்கள் குறையும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் பார்த்தே ஆக வேண்டும். அந்த ரிப்போர்ட்டை டாக்டர் பார்த்தால் இவர் மருந்துக்காரர் என்று கண்டுபிடித்துவிடுவார். ஆகவே ரிப்போர்ட் சிகிச்சை தரும் டாக்டர் கண்ணில் படாமல் தனி மையத்துக்குப் போனது. டோஸ் விவரம் அங்கிருந்துதான் வந்தது.

அடுத்த கேள்விதான் என்னை உட்கார வைத்த கேள்வி. வலியை எப்படி அளப்பது? பிரஷருக்கு கேஜ் இருக்கிறது, வலிக்கு கேஜ் கிடையாது. அவர்கள் ஒரு வரையறை வைத்தார்கள். இந்த நோயால் வந்த வலிக்காக ஆஸ்பத்திரிக்கு வந்து நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்து, மார்ஃபின் வகை வலிமருந்து ஊசியாக ஏற வேண்டியிருந்தால் அது ஒரு கிரைஸிஸ். ஒவ்வொரு சம்பவத்தையும், யார் எந்தக் கட்சி என்று தெரியாத ஒரு குழு படித்துப் பார்த்துக் கணக்கில் சேர்த்தது.

இந்த அளவுகோல் முழுமையானது இல்லை. வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்த வலி இதில் முதன்மைக் கணக்குக்கு வராது. அந்த வலி எவ்வளவு என்பது பின்னால் 2008-ல் வெளியான வேறொரு ஆய்வில் தெரிந்தது. வர்ஜீனியாவில் 232 நோயாளிகள் தினமும் டைரி எழுதினார்கள். பாதிக்கு மேற்பட்ட நாட்களில் வலி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனதோ மிகச் சில நாட்களில்தான். போனால் நம்ப மாட்டார்கள், மருந்துக்கு நடிக்கிறான் என்பார்கள் என்ற பயம் அங்கேயும் பலருக்கு உண்டு. நம் ஹாஸ்டல் வராந்தா அமெரிக்கா வரைக்கும் நீண்டிருக்கிறது!

ஆனாலும் அந்த 299 பேரை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அலபாமாவில் டஸ்கிகி என்ற இடத்தில் கறுப்பின ஆண்களுக்கு இருந்த சிபிலிஸ் நோயைச் சிகிச்சை தராமல் நாற்பது வருஷம் வேடிக்கை பார்த்த அரசாங்க ஆய்வு 1972-ல்தான் அம்பலமானது. அந்த நினைவோடுதான் இவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். தனக்குக் கிடைப்பது வெறும் கேப்ஸ்யூலாக இருக்கலாம் என்று தெரிந்தே, மாதக்கணக்கில் ரத்தம் கொடுத்தார்கள். கருத்தரிக்கக் கூடாது என்ற நிபந்தனைக்கும் உட்பட்டார்கள். நம் நண்பனுக்குக் கிடைத்த மாத்திரை அவர்கள் போட்ட பிச்சை என்றுகூடச் சொல்லலாம். தவறில்லை.

1995 ஜனவரி

சோதனை 1995 மே வரை போவதாகத் திட்டம். நடுவில் கணக்கைப் பார்க்கும் கண்காணிப்புக் குழு ஜனவரியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டது. மருந்து தோற்றதால் இல்லை, ஜெயித்ததால். இனியும் பாதிப்பேருக்கு வெறும் கேப்ஸ்யூல் கொடுப்பது நியாயமில்லை என்றார்கள்.

எல்லாரையும் வலி குறைந்தவரிலிருந்து கூடியவர் வரை வரிசையாக நிற்க வைத்தால் நடுவில் நிற்பவருக்கு எத்தனை என்பதுதான் கணக்கு. வெறும் கேப்ஸ்யூல் வரிசையில் வருஷத்துக்கு 4.5 கிரைஸிஸ். மருந்து வரிசையில் 2.5. அதாவது 44 சதவீதம் குறைவு. முதல் கிரைஸிஸ் வருவதற்கு அங்கே ஒன்றரை மாதம், இங்கே மூன்று மாதம். நுரையீரலைத் தாக்கி உயிருக்கே உலை வைக்கும் நெஞ்சுச் சிக்கல் 51 பேருக்கு வந்த இடத்தில் 25 பேருக்குத்தான் வந்தது. ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தவர்கள் 73-க்கு 48.

கிரைஸிஸ் பூஜ்யமாகிவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். இது நோயைக் குணமாக்கும் மருந்தல்ல, அடைப்பின் எண்ணிக்கையைக் குறைக்கும் மருந்து. ஏன் குறைந்தது என்பதிலும் ஒரு திருப்பம். கருக்குழந்தை ஹீமோகுளோபின் ஏறியது மட்டும் காரணமில்லை. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு தகராறு செய்யும் வெள்ளணுக்கள் குறைந்ததும் உதவியிருக்கிறது. நாம் ஒரு காரணத்துக்காகப் பொருத்திய பாகம், இன்னொரு காரணத்துக்கும் உதவி செய்திருக்கிறது.

1998-ல் அமெரிக்க அரசு பெரியவர்களுக்கு இதை அனுமதித்தது. 2011-ல் 193 கைக்குழந்தைகளிடம் செய்த சோதனையில் வலிச் சம்பவங்கள் 375-க்கு 177 என்று பாதிக்குக் கீழே இறங்கின. ஆப்பிரிக்காவில், மலேரியா உள்ள இடத்தில் இதைக் கொடுத்தால் விபரீதமாகுமோ என்ற பயம் இருந்தது. உகாண்டாவில் வெறும் மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்த சோதனை 2017-ல் அந்தப் பயத்தைப் போக்கியது. அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா நாடுகளில் 606 குழந்தைகளுக்குக் கொடுத்த ஆய்வு 2019-ல் வந்தது. அதில் வலியும் பாதியாயிற்று, மலேரியாவும் பாதியாயிற்று. நம் நாட்டில் நாக்பூரில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற குறைந்த டோஸே குழந்தைகளுக்கு நன்றாக வேலை செய்கிறது என்று 2012-ல் காட்டினார்கள். பழைய மருந்து, இந்தியாவிலேயே தயாராகிறது.

புதுசும் பழசும்

அதற்குப் பிறகு ஜொலிக்கும் புது மருந்துகள் வந்தன. அதையும் சொல்லாவிட்டால் கதை முடியாது.

கிரிசான்லிசுமாப் என்று ஒன்று. அணுக்கள் குழாய்ச் சுவரில் ஒட்டுவதைத் தடுக்கும் ஊசி. 198 பேரிடம் நடந்த சோதனையில் கிரைஸிஸ் 2.98-லிருந்து 1.63 ஆகக் குறைந்தது. ஹைட்ராக்சியூரியா அளவுக்கே நல்ல மார்க். 2019-ல் அமெரிக்கா அனுமதித்தது. பிறகு இன்னொரு பெரிய சோதனை நடத்தினார்கள். அதில் மருந்துக்கும் வெறும் ஊசிக்கும் வித்தியாசமே இல்லை என்று 2023-ல் தெரிந்தது. ஐரோப்பா அந்த வருஷமே அனுமதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

வோக்செலோட்டார் என்று இன்னொன்று. ஹீமோகுளோபின் அளவை நன்றாக ஏற்றியது. அந்த மீட்டர் ரீடிங்கை வைத்தே அதே 2019-ல் அனுமதி. பிற்பாடு வந்த கணக்குகளில், மருந்து எடுத்தவர்களிடம் கிரைஸிஸும் இறப்பும் கூடுதலாகத் தெரிந்ததால், 2024 செப்டம்பரில் கம்பெனியே உலகம் முழுவதும் திரும்ப எடுத்துக்கொண்டது. முள் ஏறியது, தண்ணீர் பாயவில்லை.

2023-ல் மரபணுவையே திருத்தும் சிகிச்சையும் வந்துவிட்டது. அதுவும் அந்தக் கருக்குழந்தை ஹீமோகுளோபினைத்தான் திரும்ப ஓட வைக்கிறது. ஜேனட் வாட்சன் 1948-ல் காட்டிய அதே வழி. அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். கூடலூருக்கு அது எப்போது வரும் என்று கேட்காதீர்கள்.

புது மருந்துகளைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. யாரோ திரும்பத் திரும்ப நேர்மையாகச் சோதித்ததால்தான் இதெல்லாம் தெரியவந்தது. ஒரு தடவை பாஸ் ஆனதை மறுபடி டெஸ்ட் பெஞ்சில் ஏற்றுவதற்கு தைரியம் வேண்டும். பணம் போட்டவனுக்கு அது பிடிக்காது. ஆனால் கட்டிலில் புரள்பவனுக்கு அது ஒன்றுதான் காப்பு.

கடைசியாக

நம் நண்பனுக்கு மூன்றாம் வருஷத் தொடக்கத்தில் ஹைட்ராக்சியூரியா ஆரம்பித்தார்கள். வருஷத்துக்கு ஐந்தாறு தடவை விழுந்தவன், கடைசி வருஷத்தில் ஒரே தடவைதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். இதை வைத்து மருந்து பலித்தது என்று நான் சொன்னால், என் கட்டுரையை நானே படிக்கவில்லை என்று அர்த்தம். ஒரு பம்ப், ஒரு கோடை. அது சான்று ஆகாது. சான்று அந்த 299 பேர். அவர்கள் இருப்பதால்தான் இவன் கதையை நான் கொஞ்சம் நம்பிக்கையோடு சொல்கிறேன்.

2023 ஜூலை 1-ல் மத்தியப் பிரதேசத்து ஷாடோலில், 2047-க்குள் இந்த நோயை ஒழிப்பதற்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கினார்கள். நாற்பது வயதுக்கு உட்பட்ட ஏழு கோடிப் பேரின் ரத்தத்தைச் சோதிப்பது இலக்கு. இருவரிடமும் அந்தப் பிசகு இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு குழந்தைக்கு நோய். கல்யாணத்துக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை பெரிய காரியமில்லை. நம்மில் சிலர் இப்போது காலேஜ்களில் வாத்தியாராக இருக்கிறோம், சிலர் ஹாஸ்டல் பொறுப்பில் இருக்கிறோம். ஒரு பையன் வலிக்கிறது என்று கத்தினால், வீக்கத்தைத் தேடுவதற்கு முன் அவன் பேச்சை நம்புங்கள். தண்ணீர் கொடுங்கள், போர்த்திவிடுங்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விஞ்ஞானத்தால்கூட வலியை நேராகப் பார்க்க முடியவில்லை. வலிக்கிறது என்று வந்தவரை நம்பித்தான் அதுவும் எண்ண ஆரம்பித்தது.

அவன் இந்தச் சந்திப்புக்குக் குடும்பத்தோடு வருகிறான். மேடையில் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொன்னேன். "அதெல்லாம் வேண்டாம்டா, ரூம்ல ஃபேனை மட்டும் கம்மியா வை" என்றான். பேட்ச்மேட்டுகளே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவனைப் பார்த்ததும் பழைய பட்டப்பெயர் நாக்கு நுனிக்கு வரும். அதைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம். அவனுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது.